கொற்றி வெட்டிய வாய்க்கால்

பாறையும் புகையும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கடல்நீரைத்தான் எல்லோரும் குடித்தார்கள். கரையில் இருந்த பெண்கள் குடத்தோடு அலைக்குள் இறங்கி மொண்டு வந்தார்கள். கிணறு தோண்ட யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அந்தக் கரையில் கொற்றி என்றொருத்தி, கணவன் சேந்தனோடும் மகள் குவளையோடும் வாழ்ந்தாள். ஒரு நாள் காலையில் சேந்தன் வலையை உலர்த்திக்கொண்டிருந்தபோது பச்சையாள் வந்தாள். அவளுக்குக் கை கால் கிடையாது. மஞ்சளும் பச்சையும் கலந்த புகையாய், தரையோடு தரையாகத் தவழ்ந்து வருவாள். அவளைச் சுவாசித்தவர் பிழைத்ததில்லை. சேந்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி இருமி, மணலிலேயே கிடந்து செத்தான். குவளையைத் தூக்கிக்கொண்டு கொற்றி மேட்டில் ஏறியதால் இருவரும் தப்பினார்கள்.

மேட்டில் நின்று அவள் கத்தினாள்.

"அடி பாவி! உனக்கு நாங்க என்ன செஞ்சோம்?"

கீழே புகை சுருண்டது. "நான் என்ன செய்வேன்? பிறக்கும்போதே எனக்கு ஒரு நெருப்புப் பொறி குறைவு. அந்தக் குறை என்னை அரிக்குது. யார் நெஞ்சிலாவது கிடைக்குமான்னு தேடறேன். கிடைக்கவே மாட்டேங்குது."

கொற்றிக்கு மின்னனின் ஞாபகம் வந்தது. மலைச்சரிவில் ஓர் எண்ணெய்ச் சுனை உண்டு. அதற்குள் முங்கியே கிடப்பவன் மின்னன். பார்க்க வெள்ளிபோல் பளபளப்பான். தொட்டால் வெண்ணெய்போல் மெத்தென்றிருப்பான். ஆனால் அவன் உடம்பில் ஒரு பொறி அதிகம். தண்ணீர் பட்டால் போதும், தீப்பிடித்து வெடிப்பான். ஒரு மழையில் அவன் வெளியே அகப்பட்டதில் மலையடிவாரத்து ஊரே கருகிப்போயிருந்தது.

மறுநாள் பச்சையாள் திரும்பி வந்தபோது கொற்றி ஓடவில்லை. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, "நீ தேடறது எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும், வா" என்றாள். புகை பின்னாலேயே வந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. விழுந்து எழுந்து சுனையை அடைந்தாள்.

"மின்னா, வெளியே வா! உன் பாரத்தை வாங்கிக்க ஆள் வந்திருக்கு!"

அவன் தயங்கித் தயங்கித் தலையை நீட்டினான். பச்சையாள் அவன்மேல் பாய்ந்தாள். அவன் ஒரு பொறியைக் கொடுத்தான், அவள் வாங்கிக்கொண்டாள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் தீ எழுந்தது. கொற்றியின் கைகள் இரண்டும் வெந்துபோயின. தீ அடங்கியபோது புகையும் இல்லை, வெள்ளியும் இல்லை. சரிவெங்கும் வெண்பரல்கள் மலையாய்ச் சரிந்து, கரைவரை குவிந்து கிடந்தன.

குவளை ஒரு பரலை எடுத்து நாக்கில் வைத்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குவியலுக்குள்ளிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாகப் பேசின. "தாயே, இப்பத்தான் நிம்மதி. இனி யாரையும் தொட மாட்டோம். எங்களை நனைய மட்டும் விட்டுடாதே. தண்ணி எங்களுக்கு நடுவே புகுந்து ஆளுக்கொரு பக்கமா இழுத்துட்டுப் போயிடும்."

ஊர் நிம்மதியாகத் தூங்கியது. கொற்றி தூங்கவில்லை. குவியலைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் குரல்கள் கொஞ்சிக்கொள்வது கேட்டது. சேந்தனைப் புதைத்த இடத்தில் மண் இன்னும் ஈரம் காயவில்லை.

ஒரு நாள் அவள் வெந்த கையோடு மண்வெட்டியை எடுத்துக் குவியலுக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல்மேட்டை வெட்டத் தொடங்கினாள். குவளை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்மா. அவங்கதான் இப்ப யாரையும் கொல்லலையே."

"உங்கப்பன் எங்கேடி? அவனை என்கிட்டேருந்து பிரிச்சவ மட்டும் சேர்ந்து வாழணுமா?"

கடல் ஏறும் நேரம். வாய்க்கால் வழியாக அலை உள்ளே புகுந்தது. முதலில் வந்த நீர் கொண்டமட்டும் கரைத்துக்கொண்டு, இனி முடியாது என்று பின்வாங்கியது. அடுத்த நீர் வந்தது. நீர்த்துளிகள் கூட்டம் கூட்டமாய் மின்னனை ஒரு பக்கம் சூழ்ந்தன, பச்சையாளை மறு பக்கம் சூழ்ந்தன. "மின்னா!" என்ற கூப்பாடு தேய்ந்து தேய்ந்து மறைந்தது. மாலைக்குள் குவியல் இருந்த இடத்தில் வெறும் தரைதான் இருந்தது.

கொற்றிக்கு அழுகை வரவில்லை. மனம் ஆறவும் இல்லை.

விடிந்ததும் குடத்தோடு இறங்கிய பெண்கள், வாயில் வைத்த நீரைத் துப்பினார்கள். ஆற்றைத் தேடி ஊரே மேற்கே நடந்தது. போகிற வழியில், தாகம் தாங்காத குவளை, கைகால் கழுவவென்று குடத்தில் எடுத்து வந்திருந்த கடல்நீரை யாரும் பார்க்காதபோது வயிறு முட்டக் குடித்துவிட்டாள். குடிக்கக் குடிக்க நாக்கு வறண்டது. "தண்ணிம்மா" என்று கேட்டுக்கொண்டே தாயின் மடியில் செத்துப்போனாள்.

மற்றவர்கள் ஆற்றைக் கண்டார்கள். கொற்றி மகளைச் சுமந்துகொண்டு கரைக்குத் திரும்பினாள். சேந்தனுக்குப் பக்கத்திலேயே புதைத்தாள். அங்கே ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்த கடல்நீர் வெயிலில் வற்றிக்கொண்டிருந்தது. நீர் போகப் போக, அடியில் வெண்பரல்கள் பூத்தன. அதற்குள் இரண்டு குரல்கள் மெல்லப் பேசிக்கொண்டன. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அன்று முதல்தான் கடல் கரிக்கிறது. அதைக் குடித்தவருக்குத் தாகம் கூடுகிறது. வெயில் அந்த நீரை வற்றவைக்கும் இடத்திலெல்லாம், பிரிந்த அந்த இருவரும் மறுபடி சேர்ந்து உப்பாகிறார்கள்.