ஆளுக்கொரு கல்

ஒரு காட்டில், ஓடையின் தாழ்வான கரையில், ஒரு சருகுமான் தன் குட்டியோடு வாழ்ந்தது. முயல் அளவுதான் இருக்கும். ஓர் இடத்தில் நிற்காது. அன்றைக்கு அதற்கு இருப்பே கொள்ளவில்லை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

மழை வந்தால் அந்தக் கரை மூழ்கிவிடும். வழக்கமாக எல்லா விலங்குகளும் ஆழமில்லாத இடமாகப் பார்த்து ஓடையில் இறங்கி, எதிர்மேட்டுக்கு நடந்தே போய்விடும். இந்த வருடம் அது நடக்காது. பெருச்சாளிகள் புதுக் குடியிருப்பு என்று கரையெல்லாம் வளை தோண்டியதில், அந்த இடம் சரிந்து பள்ளமாகிவிட்டது. குட்டிக்கு நீந்தத் தெரியாது.

புதிதாகக் குடியிருப்பு கட்டுகிறவர்கள் ஊருக்குப் பொதுவாக ஏதாவது தர வேண்டும் என்பது அந்தக் காட்டின் சட்டம். பெருச்சாளிகள் மண்ணுக்குள் கிடைத்த பெரிய தட்டைக் கற்களை உருட்டி வந்து, காட்டு விலங்குகளின் மன்றத்தின் முன்னால் தள்ளின.

"எங்க பங்கைக் கொடுத்தாச்சு. எங்கே போடணும்னு நீங்களே பேசிக்குங்க."

மன்றத் தலைவர் கரடி. யாரிடமும் கெட்ட பேர் வாங்கக் கூடாது, அதுதான் அதன் ஒரே கவலை.

"தலைவரே, ஓடையில போடுங்க. வரிசையாப் போட்டா அக்கரை வரைக்கும் வந்துடும்" என்றது சருகுமான்.

"ஓடையிலா? நான் ஆட ஒரு மேடை இல்ல!" என்றது மயில்.

"மேடை யாருக்கு வேணும்? எனக்கு முதுகு சொறிய ஒரு கல் வேணும்" என்று உறுமியது காட்டுப்பன்றி.

குரங்குக்கு எதுவும் தேவையில்லை. ஆனாலும், "அவங்களுக்குக் கொடுத்தா எனக்கும் வேணும்!" என்று குதித்தது.

கரடி வயிற்றைத் தடவியது. "சண்டை எதுக்கு? ஆளுக்கொரு கல். யாருக்கும் மனக்குறை வேண்டாம்."

"ஐயோ தலைவரே, மழை வருது!"

"உனக்கும் ஒண்ணு உண்டும்மா. எடுத்துக்கிட்டுப் போ."

கூட்டம் முடிந்தது. தேன்கூட்டுக்கு ஏற ஒரு படி என்று கரடியும் தன் கல்லை உருட்டிக்கொண்டு போனது.

சருகுமான் கரைச் சரிவில் முட்டி முட்டித் தன் கல்லை ஓடையில் இறக்கியது. கரையோரமாக ஒரே ஒரு கல். அதற்கு அப்பால் அத்தனையும் தண்ணீர்.

"ஒத்தக் கல்லு பாலம்!" என்று குரங்கு கைகொட்டிச் சிரித்தது.

சருகுமான் அழவில்லை. அழ நேரம் எங்கே இருக்கிறது? ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னது.

"சாயங்காலம் என் கல்லுக்குத் திறப்பு விழா. எல்லாரும் வாங்க. ஓடைக்குள்ள யார் முன்னால நிக்கிறாங்களோ, அவங்கதான் சிறப்பு விருந்தாளி."

கரடி வந்து அந்தக் கல்லில் ஏறி நின்றது. மயிலுக்குப் பொறுக்கவில்லை.

"தலைவர் முதுகுக்குப் பின்னால நானா?" பெருச்சாளிகளைக் கெஞ்சித் தன் கல்லை உருட்டிவரச் செய்து, கரடிக்கு முன்னால் போட்டுத் தோகையை விரித்தது.

"யோவ், தோகை மறைக்குது!" பன்றி தன் கல்லை மூக்காலேயே தள்ளிக்கொண்டு வந்து மயிலுக்கு முன்னால் இறக்கியது.

"அப்ப தலைவர்னு நான் எதுக்கு?" கரடிக்கு ரோஷம் வந்துவிட்டது. தேன்மரத்தடியிலிருந்து தன் கல்லைத் தூக்கிவந்து, பன்றிக்கும் முன்னால் போட்டு நின்றது.

குரங்கு சும்மா இருக்குமா? தன் கூட்டத்தையே கூப்பிட்டுக் கல்லைச் சுமக்க வைத்து, எல்லோருக்கும் முன்னால் போய்க் குந்தியது. அதன் வால் அக்கரைப் புல்லில் உரசியது.

"நான்தான் விருந்தாளி!"

"நீங்கதான் அண்ணே. கொஞ்சம் நகருங்க!" சருகுமான் தாவியது. பின்னாலேயே குட்டி, தோகைக்கு அடியில் நுழைந்து, பன்றியின் முதுகில் ஏறி, கரடியின் காலிடுக்கில் புகுந்து அக்கரையில் குதித்தது.

இடி இடித்தது. மழை கொட்டியது. விருந்தாளிகள் கல்லையெல்லாம் மறந்துவிட்டு, எதிர்மேட்டை நோக்கி ஓட்டமெடுத்தார்கள். பெருச்சாளிகளும் குஞ்சு குட்டிகளோடு அந்தக் கற்கள் மேலேயே வந்து சேர்ந்தன.

காலையில் தாழ்ந்த கரை இருந்த இடமே தெரியவில்லை. கரடி மேட்டில் நின்று தொண்டையைக் கனைத்தது.

"பாத்தீங்களா, நம்ம மன்றம் போட்ட பாலம்!"

சருகுமான் அதைக் கேட்க நிற்கவில்லை. குட்டிக்குப் பசி.

நீதி: ஊருக்கென்று வந்ததை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்தால் ஒருவருக்கும் உதவாது, தேவை உள்ள இடத்தில் மொத்தமாகச் சேர்த்தால் எல்லோருக்கும் உதவும்.