காதோரத்து இருட்டு

சுடலைமுத்து அண்ணாச்சி முப்பது வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். உலகத்தை உச்சியில் இருந்தே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஓய்வு பெற்ற மறுமாதமே செல்போன் பழுது பார்க்கப் படிக்க வந்துவிட்டார். இப்போதெல்லாம் எதையும் மூக்கு உரசப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

குரு பெனிட்டாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவர் மகளைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். வித்தைக்கு ஏது வயசு?

அந்த ஞாயிற்றுக்கிழமை மூணு மணி இருக்கும். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த வேளையில் சந்தனமாரி மாடிப்படி ஏறிப் பெனிட்டாவின் கடைக்கு வந்தாள். சத்தமில்லாமல் தன் போனை மேசைமேல் வைத்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அண்ணாச்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உடைந்த திரையை மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து, காதில் வைத்துப் பேசும்போது திரை அணைவதில்லை. கன்னம் பட்டுப் பட்டு அழைப்பு துண்டாகிறது. சரி செய்கிறேன் என்று இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். இரண்டு முறையும் அதே கதை.

"எம் புள்ள கப்பல்ல இருக்கான். கப்பல் கரையில நிக்கிற ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் பேசுவான்," என்றாள் சந்தனமாரி. "பேச்சை ஆரம்பிச்சா கட்டாவுது. அவன்தான் வெட்டுறான்னு நான் நெனச்சேன். அவன் என்னடான்னா, 'என் குரலைக் கேட்டாலே ஒனக்கு வெறுப்பா இருக்கா'ன்னு மெசேஜ் போட்டிருக்கான். இன்னைக்கு நாலு மணிக்குக் கூப்புடுவானாம். இன்னைக்கும் வெட்டினா இனிமே கூப்புடவே மாட்டானாம்."

அண்ணாச்சிக்குத் தாயையும் பிள்ளையையும் பிரித்த பாவம் தன் கைக்கு வந்துவிட்டதே என்று இருந்தது.

"நீங்களே பண்ணிருங்க டீச்சர். எனக்கு இந்தத் தொழில் சரிப்படாது. நான் வீட்டுக்குப் போறேன்."

பெனிட்டா சந்தனமாரியின் போனில் ஓர் அழைப்பைப் போட்டாள். தன் போனின் கேமராவைத் திறந்து அதன் மேலே பிடித்தாள்.

"பாருங்க அண்ணாச்சி. காது பக்கத்துல வந்தா திரையை அணைக்கச் சொல்றது இதுதான்."

வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த மேல் ஓரத்தில், கேமரா வழியாகப் பார்த்தால், ஊதா நிறத்தில் ஒரு பொட்டு விட்டு விட்டு மினுங்கியது. வெளியே மேகம். உள்ளே மங்கல். நடுவில் யாருக்கும் தெரியாமல் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி இமைக்க மறந்தார்.

"இதுக்குக் கண்ணு கிடையாதே டீச்சர். காது பக்கத்துல வந்துட்டுன்னு எப்படித் தெரியும்?"

"கண்ணை மூடுங்க. ஊதுங்க."

ஊதினார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

அவள் உள்ளங்கையை அவர் வாய்க்கு முன்னால் கொண்டுவந்தாள். "இப்ப ஊதுங்க."

ஊதின காற்று திரும்பி வந்து மீசையைத் தொட்டது. "உங்க கை இருக்கு."

"அந்த விளக்கும் அப்படித்தான் ஊதுது. திரும்பி வர்றதைப் பக்கத்துல இருக்கிற இன்னொரு பொட்டு அளக்குது. ஊதுறதுக்கு முந்தி சும்மாவும் ஒரு வாட்டி அளந்துக்கும்."

"சும்மா எதுக்கு?"

"வெளிய ஏற்கெனவே வெளிச்சம் இருக்கே. அதைக் கழிக்க வேண்டாமா?"

அப்போது கனத்த மேகம் ஒன்று தெருவை மூடியது. அலமாரியில் எரியவிட்டிருந்த பத்துப் போன்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டன, தூக்கம் வந்த பிள்ளைகள் மாதிரி. மேகம் நகர்ந்ததும் மெல்ல மெல்லப் பிரகாசமாயின. தன்மேல் விழுகிற வெளிச்சத்தை அளந்து நடந்துகொள்கிற பொட்டு அவற்றில் உண்டு என்பது அண்ணாச்சி படித்த பாடம்தான். படித்தவர் இன்றைக்குத்தான் நின்று பார்த்தார்.

"சரி டீச்சர். நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"தோள்ல கிடக்கிற துண்டால வாயைக் கட்டிக்கோங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பத்து வாட்டி ஊதுங்க."

கட்டிக்கொண்டு ஊதினார். ஒவ்வொரு முறையும் காற்று துண்டில் முட்டி முகத்துக்கே திரும்பியது. பத்தாவது முறைக்குள் அது பழகிப்போயிற்று.

"இப்ப என் கை முன்னால இருக்கா, இல்லையா?"

"தெரியலையே."

"இருக்கு."

கண்ணைத் திறந்தார். கை இருந்தது. துண்டை அவிழ்த்தார்.

"போன்ல ஏது டீச்சர் துண்டு?"

"திரை மாத்தினதும், முன்னால ஒண்ணுமே இல்லாதப்ப எவ்வளவு திரும்பி வருதுன்னு அதுக்குச் சொல்லிக் கொடுப்போம்ல? அதை எப்படிப் பண்ணினீங்க? பண்ணிக் காட்டுங்க."

போனை மல்லாத்தி வைத்தார். அந்தச் சோதனையைத் தொடங்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நல்ல அக்கறையாகக் குனிந்தார். குனிந்து குனிந்து, அவருடைய வெள்ளைத் தாடி திரையைப் பெருக்காத குறை. அந்த வேதனையிலும் சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எண்கள் ஓடி நின்றன. அண்ணாச்சி மெதுவாக நிமிர்ந்தார்.

"என் தாடியைப் போன் ஒண்ணுமில்லன்னு எழுதிக்கிட்டுதா டீச்சர்?"

"மூணு வாட்டி. இப்பத்தோட நாலு. அதான் காது வந்தாலும் ஒண்ணுமில்லன்னே நெனச்சுக்குது."

மணி மூணே முக்கால்.

"மறுபடி அழுத்துங்க. அழுத்திட்டு வாசல்ல போய் நில்லுங்க."

"பக்கத்துல ஆள் இல்லாம எப்படி? ஏதாவது ஆயிட்டுன்னா?"

"வாசல்ல நில்லுங்க அண்ணாச்சி."

போய் நின்றார். அரை நிமிஷ வேலைதான், அவருக்கு அரை நாளாக நீண்டது. கால் பின்னாலேயே இழுத்தது. மழை பிடித்திருந்தது. துறைமுகத்துக் கிரேன்கள் மழைக்குள் கரைந்து கரைந்து தெரிந்தன. அந்த உயரத்தில் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் பெட்டிகளைக் கையால் தொடாமலே இறக்கியிருக்கிறார். ஒன்றைக்கூடக் கீழே விட்டதில்லை.

உள்ளே போன் ஒரு சின்ன ஒலி கொடுத்தது. பெனிட்டா "வாங்க" என்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

நாலு மணிக்கு அழைப்பு வந்தது. சந்தனமாரி எடுத்தாள். "ராசா" என்றபடி காதில் வைத்தாள். குனிந்து பார்க்கத் துடித்த அண்ணாச்சி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

கடைக்கண்ணில் திரை இருண்டதைக் கண்டு அவள் பதறிப்போய்ப் போனை விலக்கினாள். எரிந்தது. மகன் பெயர் அப்படியே இருந்தது. மறுபடி காதோரம் கொண்டுபோனாள். மறுபடி இருண்டது.

"இருட்டிக்கிட்டுதே தாயி. புள்ள போயிட்டானா?" என்றாள் சந்தனமாரி.

"இல்லக்கா," என்றாள் பெனிட்டா. "பக்கத்துல வந்துட்டான்."