தொட்டிக்கு வந்த விருந்தாளி

தெருவில் நாலைந்து பிள்ளைகள் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நர்ஸ் அற்புதமேரி வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளைக் கொட்டிக் கழுவ வைத்தாள். பிரசிடெண்ட் தங்கப்பழம் மட்டும் மறித்தார். சொந்த மகள் கல்யாணத்திலேயே இரண்டாம் பந்திக்குப் பாயசத்தை நிறுத்திய மனுஷன், தண்ணீரைக் கொட்ட விடுவாரா?

"என் தொட்டியில கொசுப்புழுவா? ஒரு சொட்டு கொட்டக்கூடாது, ஒரு கை உள்ள படக்கூடாது. புழு இருக்குன்னு காட்டும்மா, பாப்போம்!"

"சரிங்கய்யா" என்ற அற்புதமேரி, பாட்டிலில் கொண்டுவந்த மீனைத் தொட்டியில் விட்டாள். அது ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. "இது கொசுப்புழு தின்னுற மீனு. தண்ணி சுத்தம்னா பட்டினியில செத்துரும். அப்போ ஊர் முன்னால மன்னிப்புக் கேக்கேன்."

தங்கப்பழத்துக்கு ஒரே குஷி. "எவரும் இதுக்கு ஒரு பருக்கை போடக்கூடாது!" என்று வீட்டாரை மிரட்டிவிட்டு, தொட்டி இருந்த புறவாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுவாரம் அற்புதமேரி மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க அவரே ஊரைக் கூட்டினார். பூட்டைத் திறந்தால், மீன் வயிறு புடைத்து, மாப்பிள்ளை கணக்காய் மெல்ல உலாவிக்கொண்டிருந்தது.

"வீட்டுல யாரோ சோறு போட்டிருக்காங்க!" என்று கத்தினார் தங்கப்பழம்.

அற்புதமேரி அவர் மனைவியிடம் திரும்பினாள். "போட்டீங்களாக்கா?"

அந்த அம்மா மீனைச் சொம்பில் மொண்டு எடுத்தாள். பிறகு தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொம்பை ஊருக்குக் காட்டினாள். "இந்த வீட்டுல வயிறாரச் சாப்பிட்டது இது ஒண்ணுதான்."