கிணற்றுக்குப் புறப்பட்ட ரோஜாக்கள்

நெடுங்கோட்டை அரண்மனையில் கூரை ஒழுகியது. அதைச் செப்பனிட, கூடத்தில் தொங்கிய பழைய எண்ணெய் ஓவியத்தை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார் ராணியம்மா. விலை மதிக்கப் பட்டணத்திலிருந்து தாமோதரம் வந்தார். இருட்டுக் கூடத்தில் நின்று படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ஜாடியில நாலு வாடின பூ. சட்டத்துக்கு வேணும்னா ஏதாவது தரலாம்."

பூஜையறை பெருக்கும் சிட்டம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு அழகா இருக்கேங்கய்யா?"

"அப்போ நீயே மதிப்புச் சொல்லேன்" என்று சிரித்தார் அவர்.

சிட்டம்மா முக்காலியில் ஏறிப் படத்தை இறக்கினாள். மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தாள்.

"எங்கேடி கொண்டுபோறே?" என்றார் ராணியம்மா.

"வாடின பூவைக் கால்படாம கிணத்துல போடறதுதானே ராணிம்மா தினமும் என் வேலை."

முற்றத்து வெயில் படத்தில் விழுந்தது. அத்தனை வருஷத்து ரோஜாக்களும் இப்போதுதான் பறித்தவைபோலச் சிவந்தன. இதழில் நின்ற பனித்துளி உருண்டுவிடுமோ என்று ராணியம்மா தன்னையறியாமல் கையை நீட்டினார். சமையல்காரர் கரண்டியோடு வந்து அப்படியே நின்றுவிட்டார்.

சிட்டம்மா கிணற்றுச் சுவருக்கு மேலே படத்தைத் தூக்கினாள்.

தாமோதரம் வெறுங்காலோடு ஓடிவந்து சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி, இதுமாதிரி இன்னொண்ணு உலகத்துலயே கிடையாது."

சிட்டம்மா பிடியை விடவில்லை.

"நல்லாக் கேட்டுக்குங்க ராணிம்மா. ஐயா இப்பத்தான் மதிப்புச் சொல்றாரு."