ஏதேனில் உடுத்திவிட்ட உடுப்பு

கேளுங்கள் அந்த அநியாயத்தை! ஞாயிறு ஆராதனையில், கல்யாணமாகாத பியூலா நிறைமாத வயிற்றோடு வந்து உட்கார்ந்தாள். பாதிப் பாட்டில் சபையே திரும்பி அவளைப் பார்த்தது. வெளியே ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

சபைச் செயலாளர் பொன்னுசிங், கருப்புக் கோட்டை இழுத்துவிட்டு எழுந்தார். கோயில் பெருக்கும் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இவளப் புடிச்சு வெளிய தள்ளு! ஏதேன் தோட்டத்துல பாவம் செஞ்சவங்கள ஆண்டவரே தள்ளலியா? மாட்டேன்னா நாளையிலருந்து ஒனக்கும் இங்க வேலை கெடையாது."

"தோத்திரம் ஐயா, தள்ளிருதேன். ஆண்டவரு செஞ்ச மாதிரியே செஞ்சிருவோம். தள்ளுறதுக்கு முன்னால, அவரே உடுப்பு உண்டாக்கி அவங்களுக்கு உடுத்திவிட்டாருல்லா? மழை பெய்யுது. ஒங்க கோட்டக் கழத்தித் தாங்க."

தங்கபுஷ்பம் கையை நீட்டினாள். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. செயலாளரோ கோட்டுப் பட்டனை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தரமாட்டியளா? அப்ப இன்னொண்ணும் கேளுங்க. தள்ளின புள்ளைங்களத் தேடி, பொறவு அவரே வெளிய வந்து மாட்டுத்தொழுவத்துல பொறந்தாரு. இவளத் தள்ளுனா, அவரும் பின்னாலேயே எறங்கிப் போயிருவாரு. உள்ள நீங்களும் ஒங்க கோட்டும்தான் இருப்பிய."