பொள்ளாச்சிக் குப்புசாமிக்குப் பேர் மாறிய கதை

கோயமுத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனி. அதன் ரிப்போர்ட் பிரிவில் மூன்று மகானுபாவர்கள் இருந்தார்கள்: மருதாசலம், அவருக்குக் கீழே துளசிமணி, செங்கோடன். சொன்னதை அப்படியே சொன்னபடி செய்வார்கள். தொல்லையே அதுதான்.

மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. மருதாசலம் அதற்காக ஏங்கி ஏங்கி இளைத்தே போயிருந்தார்.

"எந்த வாடிக்கையாளர் எந்த மோட்டார் வாங்குனார்னு ஒரே திரையில தெரியோணும். வெள்ளிக்கிழமை காட்டிட்டீங்கன்னா நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார் முதலாளி.

சென்னையிலிருந்து மென்பொருள்காரர் போனில் வழி சொன்னார். "விற்பனை அட்டவணையையும் வாடிக்கையாளர் அட்டவணையையும் பேரை வச்சு இணைங்க. விற்பனையில ஒரு பேர் எத்தனை தடவை வேணா வரலாம். வாடிக்கையாளர் பக்கம் ஒரே ஒரு தடவைதான். ரெண்டாவது வந்தா இணையாது சார்."

இணையவில்லை. பொள்ளாச்சியில் இரண்டு குப்புசாமிகள் இருந்தார்கள்.

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"ஆளுக்கொரு நம்பர் குடுத்துறலாங்களா?" என்றான் செங்கோடன்.

"மோட்டார் வாங்குன பாவத்துக்கு, ஜெயில்ல போடறாப்பல நம்பரா?" துளசிமணிக்கு மனசு கேட்கவில்லை.

"அப்ப ஒருத்தரை அழிச்சுறலாங்களா?"

"ரெண்டு பேருக்கும் புள்ளைகுட்டி இருக்குது."

மருதாசலம் வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார். "ஒருத்தர் பேரை மாத்திக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மூவரும் பஸ் ஏறினார்கள். மூத்த குப்புசாமி அடிக்க வந்தார். இளையவர் தங்கமான மனுஷன். தோப்பில் இளநீர் வெட்டிக் கொடுத்து, "மாத்திக்கறனுங்க. ஆனா மறுக்கா வந்து நிக்கக் கூடாது. உங்க பட்டியல்ல இல்லாத பேராச் சொல்லுங்க" என்றார்.

பட்டியலைப் புரட்டினார்கள். எந்தப் பேரைச் சொன்னாலும் அந்தப் பேரில் யாரோ ஒருவர் ஏற்கெனவே மோட்டார் வாங்கித் தொலைத்திருந்தார். மோட்டாரே வாங்காத பேர் ஒன்றுதான் மிச்சம். மருதாசலம்.

அது அவரைப் பெற்றவர்கள் மருதமலைக்கு நேர்ந்துகொண்டு வைத்த பேர். ஆனாலும் நாற்காலியை விட மனசில்லை. "எடுத்துக்குங்க" என்று தாரைவார்த்துவிட்டு, வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அட்டவணைகள் இணைந்தன. வெள்ளிக்கிழமை திரையைப் பார்த்த முதலாளி பூரித்துப்போனார். ஆபீஸையே கூட்டி நிறுத்தி, கையில் மாலையோடு, "புது மேனேஜர் நம்ம மருதாசலந்தான். முன்னால வாங்க" என்றார்.

நம்ம ஆள் பவ்யமாகக் கும்பிட்டார்.

"அவரு இந்நேரம் தோப்புக்குத் தண்ணி கட்டிட்டு இருப்பாருங்க" என்று சொல்லி, மாலையை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, புது மேனேஜரைக் கூட்டி வரப் பொள்ளாச்சி பஸ் ஏறினார்.