முருங்கைக்காய்க்கும் திறந்த கதவு

இருட்டியதும் பெண்கள் விடுதி வாசலில் ‘கீய்ங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கதவு தானாகத் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் பெண்கள் ஓடிவந்து கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுப்பார்கள். முதலாளி தேவசகாயம் மாட்டிய புது விரல்ரேகைப் பூட்டு, அவருடைய அரதப்பழசு விண்டோஸ் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகவில்லை.

“கம்ப்யூட்டரை மாத்தணும் சார்,” என்றாள் வரவேற்பில் இருக்கும் ரெஜினா.

“அது என் பிள்ளை மாதிரிம்மா. அதுலயே ஓட வை, இல்லேன்னா வேலையை விட்டுப் போ.”

மறுநாள் ரெஜினா அவரைக் கூப்பிட்டாள். “ஓடுது சார், விரலை வைங்க.”

வைத்தார், திறந்தது. பூரித்துப்போனார். பால்காரர் வைத்தார், திறந்தது. ரெஜினா முருங்கைக்காயை வைத்தாள், அதற்கும் திறந்தது.

“உங்க வீட்டுக் கதவையும் இதுலயே இணைச்சிடட்டுமா சார்?”

“ஐயையோ, வீட்ல பொண்ணு இருக்காம்மா!”

“இங்க மட்டும் யாரு சார் இருக்கோம்?”

தேவசகாயம் தலையைச் சொறிந்தார். புதுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு, தச்சரைக் கூட்டிவந்து விடுதிக் கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் மாட்டவைத்தார். அன்றிரவு வெளியே நின்று, “போட்டாச்சாம்மா?” என்று அவர் கேட்க, உள்ளேயிருந்து ரெஜினா டக்கென்று தாழ் போட்டாள்.